திரையைப் பார்த்து வாசித்தவர்கள்: மௌனப்படக் காலத்துப் பியானோ மரபு



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவில், திரைப்படமும் இசையும் என்ற பொதுத் தலைப்புக்குள் எதை வேண்டுமானாலும் பேசலாம் என்று எனக்கு உரிமை தந்திருக்கிறீர்கள். அந்த உரிமையைப் பயன்படுத்திக்கொண்டு, பின்னணி இசை என்ற துறை பிறப்பதற்கு முன்பே திரைக்கு இசை கொடுத்த ஒரு தலைமுறையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். மேற்கத்திய சினிமாவின் முதல் முப்பது ஆண்டுகளில், திரைக்குக் கீழே இருட்டில் ஒரு பியானோவின் முன்னால் உட்கார்ந்து, தலையை நிமிர்த்திப் படத்தைப் பார்த்தபடியே வாசித்தவர்கள் அவர்கள். அவர்களில் பெரும்பாலோரின் பெயர் எந்த விளம்பரத் தாளிலும் ஏறவில்லை. அவர்கள் வாசித்ததும் பதிவாகவில்லை. அன்றன்றைக்குக் காற்றோடு போயிற்று.

அவர்கள் செய்தது வெறுமனே அமைதியை நிரப்பும் வேலை என்ற எண்ணம் இன்றும் பரவலாக இருக்கிறது. அந்த எண்ணம் தவறு என்பதே என் பேச்சின் சாரம். அது ஒரு முழுமையான பக்கவாத்தியக் கலை. அதற்கென்று பாடநூல்கள் இருந்தன, கைநுட்பம் இருந்தது, எதைச் செய்யலாம் எதைச் செய்யக்கூடாது என்ற ஒழுங்கு இருந்தது.

பக்கவாத்தியம் என்று சொன்னாலும் ஒரு பெரிய வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் கச்சேரி மேடையில் பாடகர் ஒரு சங்கதியை நீட்டினால் மிருதங்கக்காரர் அதைப் பிடித்துக்கொள்கிறார். மிருதங்கத்தில் ஒரு அழகான சொல் விழுந்தால் பாடகர் தலையசைத்து அதற்கு இடம் கொடுக்கிறார். கொடுக்கலும் வாங்கலும் இரண்டு பக்கமும் நடக்கிறது. மௌனப்படப் பியானோக் கலைஞருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அவருடைய முதன்மைக் கலைஞர் ஒரு பிம்பம். அதற்குக் காது கேட்காது. அவர் ஒரு அடி பிந்தினால் அது நிற்காது. அற்புதமாக ஒன்றை வாசித்தாலும் திரும்பிப் பார்க்காது. அனுசரித்துப் போகும் பொறுப்பு முழுவதும் ஒருவர் தலையில். இந்த ஒருதலைப் பொறுப்பிலிருந்துதான் அந்தக் கலையின் இலக்கணம் முழுவதும் பிறந்தது.

தொடக்கத்தில் என்ன நடந்தது?

1895 டிசம்பர் 28 அன்று பாரிஸின் கிராண்ட் கஃபேயில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் வாங்கிப் படம் காட்டியபோதே பியானோ வாசிக்கப்பட்டது என்று சினிமா வரலாறுகள் சொல்கின்றன. இதை வைத்து, மௌனப்படம் ஒருநாளும் மௌனமாக ஓடியதில்லை என்றொரு வாசகம் உலகெங்கும் புழங்கிவருகிறது. அமெரிக்க ஆய்வாளர் ரிக் ஆல்ட்மன் 2004இல் வெளியிட்ட ‘சைலன்ட் ஃபிலிம் சவுண்ட்’ என்ற பெரிய நூலில் இந்த வாசகத்தை அடியோடு மறுத்தார். தொடக்க ஆண்டுகளில் பல கொட்டகைகளில் படம் ஓடும்போது இசையே இல்லாமலும் இருந்தது என்பதை அக்காலப் பத்திரிகைகளையும் தொழில் ஏடுகளையும் கொண்டு அவர் காட்டினார். அவருடைய ஆய்வு இந்தக் கலையின் பெருமையைக் கூட்டத்தான் செய்கிறது. தானாக வந்து ஒட்டிக்கொண்ட பழக்கமாக இல்லாமல், உழைக்கும் இசைக்கலைஞர்கள் சில ஆண்டுகளில் யோசித்து உருவாக்கிய ஒன்று இது என்று அதனால் தெரிகிறது.

1905 ஜூன் மாதம் பிட்ஸ்பர்க் நகரில் ஒரு கடையின் முன்பகுதியைக் கொட்டகையாக மாற்றி, ஐந்து சென்ட் கட்டணத்தில் படம் காட்டத் தொடங்கினார்கள். நிக்கலோடியன் என்று அழைக்கப்பட்ட இத்தகைய சிறு கொட்டகைகள் சில ஆண்டுகளில் அமெரிக்கா முழுவதும் ஆயிரக்கணக்கில் முளைத்தன. அங்கே ஒரு பியானோ கட்டாயம் இருக்கும். ஆனால் அதன் முதல் வேலை படத்துக்கு வாசிப்பதாக இருக்கவில்லை. வண்ணச் சிலைடுகளைத் திரையில் காட்டி ஒருவர் பாட்டுப் பாடுவார். அந்தப் பாட்டுக்குத்தான் பியானோ. தெருவில் போகிறவர்களை உள்ளே இழுக்கவும் அது பயன்பட்டது. படம் ஓடும்போது வாசிப்பவர் பல இடங்களில் தனக்குத் தெரிந்த நடனப் பாட்டையோ அணிவகுப்பு இசையையோ வாசித்துக்கொண்டிருந்தார்.

அதைவிட மோசமான ஒரு வழக்கமும் இருந்தது. திரையில் வரும் காட்சிக்கும் அன்றைய பிரபலப் பாட்டின் முதல் வரிக்கும் ஏதாவது சொல் ஒற்றுமை கிடைத்தால் போதும், அந்தப் பாட்டை எடுத்துவிடுவார்கள். கொட்டகை சிரிக்கும். திரையில் ஒரு தாய் அழுதுகொண்டிருந்தாலும் சிரிக்கும். 1910 முதல் ‘மூவிங் பிக்சர் வேர்ல்டு’ என்ற வார ஏட்டில் திரையிசைக்கென்றே கிளாரன்ஸ் சின் ஒரு பத்தி எழுதிவந்தார். இப்படிப்பட்ட வாசிப்பைத் திருத்துவது அக்காலத் தொழில் ஏடுகளின் பெரிய கவலைகளில் ஒன்று. படத்தைக் கேலி செய்யாதே, படத்தோடு போ என்ற விதி இந்தச் சண்டையில்தான் உருவானது.

ப்ரொஜெக்டரின் இரைச்சலை மறைக்கத்தான் இசை வந்தது என்ற விளக்கத்தையும் நீங்கள் கேட்டிருப்பீர்கள். அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் பிலிமுக்கு அஞ்சி ப்ரொஜெக்டரைத் தனி அறைக்குள் அடைத்த பிறகும் இசை போகவில்லை, முன்னிலும் வளர்ந்தது. இரைச்சல் அடங்கிய பிறகும் இசை தேவைப்பட்டது என்றால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது. தத்துவ அறிஞர் அடோர்னோவும் இசையமைப்பாளர் ஹான்ஸ் ஐஸ்லரும் சேர்ந்து எழுதி 1947இல் வெளிவந்த திரையிசை நூல் வேறொரு காரணத்தைச் சொல்கிறது. உயிருள்ள மனிதர்கள் போலவே அசைந்து, ஆனால் வாய் திறந்தும் குரல் வராத உருவங்களைப் பார்ப்பதில் ஒரு அச்சம் இருக்கிறது. அந்த அச்சத்தைத் தணிக்கவே இசை வந்தது என்கிறார்கள். எனக்கு இந்த விளக்கம் மனத்துக்கு நெருக்கமாகப் படுகிறது. பக்கத்தில் ஒரு மனிதர் மூச்சுவிட்டு, கையால் வாசிக்கிறார் என்பதே பார்வையாளருக்கு ஒரு துணை.

பெரிய இசையமைப்பாளர்களும் சீக்கிரமே வந்தார்கள். 1908இல் ‘கீஸ் பிரபுவின் படுகொலை’ என்ற பிரெஞ்சுப் படத்துக்காகக் கமீல் சான்-சான்ஸ் தம் 73ஆவது வயதில் தனி இசை எழுதினார். தந்தி வாத்தியங்களோடு பியானோவும் ஆர்மோனியமும் அதில் உண்டு. ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சான்-சான்ஸ் கிடைக்கமாட்டார். சிறுநகரக் கொட்டகையில் வாரந்தோறும் பல முறை படம் மாறும். அங்கே உட்கார்ந்திருப்பவர் ஒரே ஆள். அவருக்கு என்ன வழி?

அச்சில் வந்த மனநிலைகள்

வழி அச்சகத்திலிருந்து வந்தது. எடிசன் நிறுவனம் 1909 முதல் தன் படங்களுக்கு எந்தக் காட்சியில் எந்த வகை இசை பொருந்தும் என்று தன் விளம்பர ஏட்டில் குறிப்புகள் வெளியிட்டது. பிறகு வந்தவை ‘க்யூ ஷீட்’ எனப்படும் குறிப்புத் தாள்கள். எந்த எழுத்து அட்டை வந்ததும் அல்லது எந்தச் செயல் நடந்ததும் எந்த இசைத்துண்டுக்கு மாற வேண்டும், அது எத்தனை நிமிடம் ஓடும் என்பதெல்லாம் அந்தத் தாளில் வரிசையாக இருக்கும். நிமிடக் கணக்கை மட்டும் முழுக்க நம்ப முடியாது. பல கொட்டகைகளில் படம் கையால் சுற்றி ஓட்டப்பட்டது. சுற்றுபவரின் கை வேகத்தைப் பொறுத்து அதே காட்சி இன்று நீளும், நாளை குறுகும்.

1913இல் கிளீவ்லாந்து நகரத்தின் சாம் ஃபாக்ஸ் பதிப்பகம் திரைக்கென்றே எழுதிய பியானோ இசைத் தொகுப்பை வெளியிட்டது. எழுதியவர் ஜான் ஸ்டெபன் ஜமெச்னிக். அதே ஊரில் பிறந்தவர். பிராக் நகருக்குப் போய் இசையமைப்பாளர் த்வோர்ஷாக்கிடம் பயின்றவர். அத்தகைய பயிற்சி பெற்றவர், கொட்டகைப் பியானோக்காரர் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கும்படி ஒரு பக்கத்துக்குள் அடங்கும் துண்டுகளை எழுதினார். திருடன் பதுங்கி வருவதற்கு ஒன்று, புயலுக்கு ஒன்று, அவசர ஓட்டத்துக்கு ஒன்று, போருக்கு ஒன்று.

அந்தத் துண்டுகளின் அமைப்பைக் கவனித்தால் அவருடைய அனுபவம் தெரியும். சில வரிகள்தான். முடிவில் மறுபடியும் முதலுக்குப் போகும் குறி. காட்சி நீண்டால் எத்தனை முறை வேண்டுமானாலும் சுற்றலாம். காட்சி முடிந்தால் எந்த இடத்திலும் பெரிய காயமில்லாமல் நிறுத்தலாம். மேடைக்காக எழுதப்பட்ட சொனாட்டாவை அப்படி நடுவில் வெட்ட முடியாது. முடிவை இசையமைப்பாளர் தீர்மானிப்பதில்லை, திரை தீர்மானிக்கிறது என்ற உண்மையை ஏற்றுக்கொண்டு எழுதப்பட்ட இசை அது.

பெர்லினில் ஜுசெப்பே பெச்சே 1919 முதல் ‘கினோதேக்’ என்ற வரிசையை வெளியிட்டார். இந்த மரபின் உச்சம் என்று நான் கருதுவது 1924இல் நியூயார்க்கின் ஷிர்மர் பதிப்பகம் வெளியிட்ட எர்னோ ராபேயின் தொகுப்பு. புடாபெஸ்டில் பிறந்து நியூயார்க்கின் மாபெரும் திரையரங்குகளில் இசைக்குழுவை நடத்தியவர் ராபே. பியானோவுக்கும் ஆர்கனுக்கும் உரிய அந்த நூல் 52 மனநிலைகளையும் சூழல்களையும் வகைப்படுத்துகிறது.

அந்த நூலின் ஒரு பக்கத்தைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். பக்கத்தின் நடுவே இசைக்குறிப்பு. ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு பட்டியல்: விமானம், போர், பறவைகள், துரத்தல், குழந்தைகள், தீயணைப்பு, சவ ஊர்வலம், கோரம், மகிழ்ச்சி, பொறுமையின்மை, காதல், தாலாட்டு, மர்மம், சலிப்பு, தூய்மை, ரயில், சோகம், கடற்புயல், திருமணம். ஒவ்வொன்றின் எதிரிலும் பக்க எண். இந்தப் பட்டியல் முன்பக்கத்தில் மட்டும் இல்லை. ஒவ்வொரு பக்க ஓரத்திலும் திரும்பத் திரும்ப அச்சாகியிருக்கிறது. காரணம் எளிது. வாசிப்பவர் இப்போது தாலாட்டில் இருக்கிறார். திரையில் திடீரென்று வீடு தீப்பிடிக்கிறது. பொருளடக்கத்தைத் தேட நேரமில்லை. வலது கை தாலாட்டை இழுத்துக்கொண்டிருக்க, கண் ஓரத்துக்குப் போய் எண்ணைப் பிடிக்க, இடது கை பக்கத்தைப் புரட்டுகிறது. ஓடும் படத்தின் அவசரத்துக்கேற்பப் பக்க அமைப்பையே மாற்றிக்கொண்ட புத்தகம் அது. க்ரீக், மெண்டல்சன் போன்றோரின் துண்டுகளும் அதில் இந்தத் தலைப்புகளின் கீழ் வந்து உட்கார்ந்துகொண்டன.

இந்த வகைப்பாட்டுக்கு ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. அதை மறைத்துவிட்டு இந்த மரபைப் புகழ்வது நேர்மையாகாது. கீழைநாடு என்று ஒரே தலைப்பு. அதற்குள் அரேபியா, சீனா, இந்தியா எல்லாம் அடக்கம். இரண்டு சுரங்களுக்கிடையே ஒரு அகன்ற இடைவெளியை வைத்து ஆசியா முழுவதையும் முடித்துவிட்டார்கள். அமெரிக்கப் பூர்வகுடிகள் திரையில் தோன்றினால் இடது கையில் ஒரே மாதிரி முரசடி. அந்த மக்களின் உண்மையான இசைக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மனிதர்களைச் சரக்காக்கிய இந்த இசைச் சூத்திரங்கள் மௌனப்படத்தோடு மறையவில்லை. பேசும் படத்துக்குள் புகுந்து பல பத்தாண்டுகள் வாழ்ந்தன. பழைய தொகுப்புகளை இன்று எடுத்து வாசிப்பவர்கள் எதை எடுக்க வேண்டும், எதை விட வேண்டும் என்ற தெளிவோடுதான் எடுக்க வேண்டும்.

கையின் கணக்கு

புத்தகம் எவ்வளவு உதவினாலும் நல்ல கலைஞரைத் தீர்மானித்தது மனோதர்மம்தான். ஈடித் லாங், ஜார்ஜ் வெஸ்ட் இருவரும் சேர்ந்து 1920இல் எழுதிய பயிற்சி நூல், மன விழிப்பைத்தான் முதல் தகுதியாக வைத்துத் தொடங்குகிறது. ஒரு சுருதியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் வழிகளுக்கும், அந்தக் கணத்தில் கற்பனையாக வாசிப்பதற்கும் அது தனி இடம் கொடுக்கிறது. விரல் வேகத்துக்கு அந்த வரிசையில் முதல் இடம் இல்லை.

ஒரே ஒரு நுட்பத்தை இங்கே விளக்கிக் காட்ட விரும்புகிறேன். பழைய படங்களில் வில்லன் நுழையும்போது அதிரும் அந்த நடுங்கும் ஒலியை நீங்கள் கேட்டிருப்பீர்கள். மேற்கத்திய இசையில் அதற்கு டிமினிஷ்டு செவன்த் கார்டு என்று பெயர். நம் சுரத்தானங்களில் சொன்னால் சட்ஜம், சாதாரண காந்தாரம், பிரதி மத்திமம், சதுசுருதி தைவதம் ஆகிய நான்கையும் ஒரே நேரத்தில் அழுத்துவது. பன்னிரண்டு சுரத்தானங்களில் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு மூன்று மூன்று படிகள். மேல் சட்ஜத்துக்கும் அதே மூன்று படி. ஸ்தாயி நான்கு சமக் கூறுகளாகிவிடுகிறது. எல்லா இடைவெளியும் சமமாக இருப்பதால் எது ஆதார சுருதி என்று காதுக்குப் பிடிபடாது. அந்தத் தத்தளிப்புதான் அச்சமாக நமக்குக் கேட்கிறது.

கொட்டகைக் கலைஞர் அதை விரும்பியதற்கு இன்னொரு காரணம் உண்டு. நான்கு சுரங்களில் எதையும் படியாக வைத்துக்கொண்டு எந்தச் சுருதிக்கும் இறங்கிப் போகலாம். அடுத்த நொடி திரையில் என்ன வரும் என்று அவருக்குத் தெரியாது. பல நேரங்களில் முதல் காட்சியில் அவரும் பார்வையாளர்களோடு சேர்ந்து அந்தப் படத்தை முதன்முறையாகத்தான் பார்க்கிறார். இந்தக் கார்டில் நின்று விரல்களை நடுக்கிக்கொண்டிருந்தால், வருவது கல்யாணமானாலும் கொலையானாலும் அங்கிருந்து நேராக அதற்குள் நுழைந்துவிடலாம். எல்லாத் திசைக்கும் வாசல் திறந்த ஒரு நாற்சந்தி அது. இன்று நமக்குத் தேய்ந்த உத்தியாகத் தெரிவது, அன்று ஒரு தொழிலாளியின் கூர்மையான தீர்வு.

மற்ற நுட்பங்களும் இப்படித்தான். துரத்தல் காட்சியில் இடது கை ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பிடித்துக்கொண்டால் வலது கைக்கும் கண்ணுக்கும் சுதந்திரம் கிடைக்கும். நாயகிக்கு ஒரு சிறு மெட்டை முதலிலேயே கொடுத்துவிட்டால், பிறகு அவள் இல்லாத காட்சியில் அதை வாசித்து அவள் நினைவைக் கொண்டுவரலாம். திரையில் விழும் ஒவ்வொரு அடிக்கும் பியானோவில் ஓர் அடி கொடுக்கும் ஆசையை அடக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், எப்போது கையை எடுப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். ஒரு மணி நேரம் தொடர்ந்து ஒலித்த பியானோ ஒரு கணம் நின்றால், அந்த நிறுத்தம் எந்தக் கார்டையும்விடப் பலமாக விழும்.

ஒரு காட்சி

பஸ்டர் கீட்டனின் ‘தி ஜெனரல்’ 1926ஆம் ஆண்டுப் படம். அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலம். ரயில் ஓட்டுநரான நாயகனைப் படையில் சேர்த்துக்கொள்ள மறுத்துவிடுகிறார்கள். அவன் சேர முயலவே இல்லை என்று தவறாக நினைத்துக்கொண்ட காதலி, சீருடையோடு வந்தால் மட்டுமே தன்னிடம் பேசலாம் என்று சொல்லிவிட்டுப் போகிறாள். அவன் தன் எஞ்சினின் சக்கரங்களை இணைக்கும் இரும்புத் தண்டின் மேல் சோர்ந்து உட்காருகிறான். எஞ்சின் மெல்ல நகரத் தொடங்குகிறது. தண்டு மேலே எழுகிறது, கீழே இறங்குகிறது, அவனையும் சுமந்துகொண்டு. அவனுக்கு அது தெரியவே இல்லை. எஞ்சின் நிறுத்தும் கொட்டகைக்குள் அது நுழையும்போதுதான் திடுக்கிடுகிறான்.

இதற்கு என்ன வாசிப்பது? அவசரக்காரர் இதை நகைச்சுவைக் காட்சி என்று முடிவு செய்து துள்ளல் இசையை எடுப்பார். உடனே காட்சி செத்துவிடும். ரயிலின் ஓசையைக் கையில் எடுத்து எஞ்சினைச் சத்தமாக ஓட்டினால், அவனுக்குத் தெரியாத ஒன்றை இசை முன்கூட்டியே போட்டுக்கொடுத்துவிடும். நல்ல கலைஞர் அவனுடைய சோகத்தோடு நிற்பார். வலது கையில் காதலியின் மெட்டு மெதுவாக. எஞ்சின் நகரும்போது இடது கை மட்டும் ஒரு சுழலும் அசைவுக்குள் போகும். தாலாட்டு போல, சத்தம் ஏறாமல். அவனுக்குத் தெரியாததை இசையும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாது. அப்போது கூட்டம் தானாகச் சிரிக்கும். சிரித்துக்கொண்டே அவனுக்காக வருந்தவும் செய்யும். அந்த இரண்டு உணர்ச்சியும் ஒரே நேரத்தில் எழ வேண்டும் என்றுதான் கீட்டன் அதை எடுத்திருக்கிறார். கூட்டம் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்க விட்டுவிட்டுத் தான் ஒதுங்கி நிற்கத் தெரிவதே இந்தக் கலையின் தேர்ச்சி.

யார் அவர்கள்?

இந்தப் பியானோக்களின் முன் உட்கார்ந்தவர்களில் பெண்கள் ஏராளம். வீட்டுக்கு ஒரு பியானோவும் அதைக் கற்ற ஒரு பெண்ணும் இருந்த காலம் அது. கச்சேரி மேடையும் பெரிய இசைக்குழுவும் பெண்களை உள்ளே விடத் தயங்கியபோது, கொட்டகை அவர்களுக்குச் சம்பளம் கொடுத்தது. இசையால் சொந்தமாகப் பிழைக்கும் வாய்ப்பை ஒரு தலைமுறைப் பெண்கள் இங்கே பெற்றார்கள். இசை வரலாறு எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய பெரிய பகுதி இது.

பின்னாளில் பெயர் பெற்றவர்களும் உண்டு. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் லிங்கன் தியேட்டரில் இளம் ஃபேட்ஸ் வாலர் படங்களுக்கு ஆர்கன் வாசித்தார். அவர் அருகே உட்கார்ந்து கற்றவர் கவுண்ட் பேசி. ஜாஸ் இசையின் இரண்டு பேராளுமைகள் மௌனப்படக் கொட்டகையில் சந்தித்துக்கொண்டார்கள். லெனின்கிராடில் தந்தையை இழந்த ஒரு பதின்வயது மாணவர் குடும்பத்தைக் காப்பாற்றக் கொட்டகைகளில் பியானோ வாசித்தார். அவர்தான் திமித்ரி ஷோஸ்தகோவிச். அந்த வேலை அவரைக் களைப்படையச் செய்தது. ஆனால் 1929இல் கோசின்ட்செவும் ட்ராவ்பெர்கும் எடுத்த ‘நியூ பாபிலோன்’ படத்துக்கு அவர் எழுதிய இசையில், திரையின் ஓட்டத்தை உடலால் அறிந்த ஒருவரின் கை தெரிகிறது. அதே கோசின்ட்செவ் 1964இல் எடுத்த ‘ஹாம்லெட்’டைத் தாண்டியும் அந்தக் கூட்டு நீடித்தது.

முடிவும் அவதூறும்

1927 அக்டோபர் 6 அன்று ‘தி ஜாஸ் சிங்கர்’ என்ற பேசும் படம் வெளியானது. அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் திரையரங்கு இசைக்கலைஞர்கள் ஆயிரக்கணக்கில் வேலை இழந்தார்கள். இயந்திர இசைக்கு எதிராக அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் பத்திரிகைகளில் விளம்பரப் போராட்டமே நடத்தியது. பயன் இல்லை. ஒரு தொழில்நுட்ப மாற்றம் ஒரு தொழிலையே இவ்வளவு வேகமாகத் துடைத்தெறிந்த நிகழ்வுகள் வரலாற்றில் அரிது.

வேலை போனதோடு மானமும் போயிற்று. மௌனப்படங்களை நொடிக்கு 16 முதல் 20 சட்டங்கள் (ஃப்ரேம்கள்) வரை என்ற வேகங்களில் எடுப்பது சாதாரணம். பேசும் படத்துக்கான 24 சட்ட வேகத்தில் அவற்றை ஓட்டியபோது மனிதர்கள் பொம்மைகளைப் போல வெட்டி வெட்டி ஓடினார்கள். பின்னர் தொலைக்காட்சி அந்தப் படங்களைத் துண்டு துண்டாக வெட்டி, சுருதி கலைந்த பியானோவின் கிணுகிணுப்பை அடியில் ஓடவிட்டது. இன்று ‘பழைய காலத்துப் பியானோ’ என்று தேடினால் கிடைப்பதில் பெரும்பகுதி அந்தக் கிணுகிணுப்பின் வாரிசுதான். அதை வாசிப்பவர்களிடம் திறமை இருக்கிறது. குறை சொல்ல மாட்டேன். ஆனால் மௌனப்படக் காலம் முழுவதும் அப்படித்தான் ஒலித்தது என்று நம்புவது, ஒரு மொழியின் இலக்கியம் முழுவதையும் அதன் நகைச்சுவைத் துணுக்குகளை வைத்து எடைபோடுவதற்குச் சமம்.

மீண்டும் வந்தது

இந்தக் கலை அறுந்துபோகாமல் காத்தவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். நியூயார்க் நவீனக் கலைக் காட்சியகத்தில் வியன்னாவிலிருந்து வந்த ஆர்தர் கிளைனர் 1939 முதல் 1967 வரை மௌனப்படங்களுக்குப் பியானோ வாசித்தார். இத்தாலியின் போர்தெனோனே நகரில் 1982இல் தொடங்கிய மௌனப்பட விழா இன்றும் நடக்கிறது. அங்கே எல்லாக் காட்சிகளுக்கும் நேரடி இசை. இளம் கலைஞர்களுக்குப் பயிற்சி வகுப்புகளும் அங்கே நடக்கின்றன. நீல் பிராண்ட், ஸ்டீபன் ஹார்ன் போன்றோர் இதையே வாழ்க்கைத் தொழிலாக வைத்திருக்கிறார்கள். ஹார்ன் ஒரு கையில் பியானோவும் மறு கையில் புல்லாங்குழலுமாக ஒரே நேரத்தில் வாசிப்பதைப் பார்த்தவர்கள் வியக்காமல் இருந்ததில்லை.

இவர்களிடையே இரண்டு போக்குகள் உண்டு. கொலராடோவின் மோண்ட் ஆல்டோ குழு போன்றவர்கள் அக்காலக் கொட்டகை நூலகங்களில் எஞ்சிய அச்சுத் துண்டுகளைக் கொண்டே அன்றைய முறையில் இசையைத் தொகுக்கிறார்கள். மற்றவர்கள் இன்றைய காதுக்கு ஏற்பப் புதிதாகக் கற்பனை செய்கிறார்கள். இரண்டில் எது சரி என்ற வாதம் எனக்கு முக்கியமாகப் படவில்லை. திரையைப் பார்த்து வாசிக்கிறார்களா, தங்களைக் காட்டிக்கொள்ள வாசிக்கிறார்களா என்பது மட்டுமே கேள்வி.

நாம் செய்யக்கூடியது

சென்னையில் மௌனப்படக் காலத்தின் சாட்சியாக அண்ணா சாலை அஞ்சலக வளாகத்தில் எலக்ட்ரிக் தியேட்டரின் கட்டடம் இன்றும் நிற்கிறது. 1931இல் ‘காளிதாஸ்’ வந்து நம் திரை பேசத் தொடங்கியது. தென்னிந்தியாவில் எடுக்கப்பட்ட மௌனப்படங்களில் ஏறக்குறைய எல்லாமே அழிந்துவிட்டன. தப்பிப் பிழைத்த மிகச் சிலவற்றில் ஒன்று, நாகர்கோவில் சுந்தரராஜ் தயாரித்து பி. வி. ராவ் இயக்கி 1933இல் வெளியான ‘மார்த்தாண்ட வர்மா’. புனே திரைப்பட ஆவணக் காப்பகத்தில் அது இருக்கிறது.

நம் திரைப்படச் சங்கங்களும் கல்லூரிகளும் மௌனப்படங்களைத் திரையிடும்போது இரண்டு தவறுகள் நடக்கின்றன. ஒன்று, முழு மௌனத்தில் ஓடவிடுகிறார்கள். மாணவர்கள் பத்து நிமிடத்தில் கைப்பேசியை எடுத்துவிடுகிறார்கள். அல்லது யாரோ ஏதோ ஒரு படத்துக்கு ஒட்டிய இசையோடு கிடைக்கும் பிரதியைப் போட்டுவிடுகிறார்கள். இரண்டிலும் அந்தப் படங்கள் எப்படிப் பார்க்கப்பட்டன என்பது மாணவர்களுக்குத் தெரியாமலே போகிறது.

‘ஷிராஸ்’ என்ற 1928ஆம் ஆண்டு மௌனப்படம் பிரிட்டனில் மீட்டெடுக்கப்பட்டபோது அனுஷ்கா சங்கர் அதற்குப் புதிய இசை அமைத்தார். அதே துணிவு நமக்கும் வேண்டும். ஸ்வரம் போட்டுக் கற்பனை செய்யப் பழகிய இளைஞர்கள் நம் இசைக் கல்லூரிகளில் நிறைய இருக்கிறார்கள். கீபோர்டு வாசிக்கும் மாணவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். வயலினோ வீணையோ எந்த வாத்தியமானாலும் சரி, அந்தக் கலைஞரைத் திரைக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். படத்தை அவருக்கு முன்கூட்டி ஒருமுறை காட்டுங்கள். மேடை விளக்கை அணைத்துவிடுங்கள். அவர் தன் வாத்தியத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்து வாசிக்கட்டும்.

இந்த அறக்கட்டளையின் அடுத்த ஆண்டு நிகழ்ச்சியைச் சொற்பொழிவாக வைக்காமல் அப்படி ஒரு திரையிடலாக நடத்துமாறு அதன் பொறுப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். இசைத் துறையும் திரைப்படத் துறையும் சேர்ந்து அதை நடத்த வேண்டும். முதல் படமாக ‘மார்த்தாண்ட வர்மா’வைப் புனேயிலிருந்து வரவழைக்க முயலுங்கள்.